கடைசி மடக்கின் காரம்

மார்கழி விடிகாலையில் மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நடைக்காக வருவதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். குளத்தோரம் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார். கேரியரில் கட்டிய கேனுக்கு அடியில் கரி கனன்றுகொண்டிருக்கும். குழாயைத் திருகினால் பழுப்பு நிறத்தில் ஆவி பறக்க இறங்குவது சுக்கு காபி. பெயரில்தான் காபி. உள்ளே இருப்பவை சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், கருப்பட்டி.

முதல் நாள் அவரிடம் வாங்கிக் குடித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். இனிப்பு இருந்தது, வாசனை இருந்தது, காரத்தைக் காணோம். "என்னண்ணே, மிளகு விலை ஏறிடுச்சா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஆட்டி ஆட்டிக் குடிங்க சார். சரக்கெல்லாம் அடியிலதான் நிக்கும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கடைசி மடக்கு தொண்டையில் இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும் சித்த வைத்தியர்களுக்கும் சரக்கு என்றால் மருந்துப் பொருள். சென்னையின் மற்ற தெருக்களில் அதே சொல்லுக்கு வேறு பொருள். இந்த அத்தியாயத்தில் இரண்டு சரக்கும் வரும். முதல் சரக்கு இரண்டாவது சரக்கில் கரையும் அளவுக்குத் தண்ணீரில் ஏன் கரைவதில்லை என்பதுதான் பேச்சு.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஜனவரி மாதத்துச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். பதிவேடுகளில் இருக்கும் மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரி. அது 1895 டிசம்பரிலும், பிறகு 1905 ஜனவரியிலும் பதிவானது. ஸ்டாக்ஹோம்காரர் ஒருவர் இந்த எண்களைப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடற்கரைக்குப் போவார். நாமோ மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு சபா வாசலில் நிற்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மே மாதத்து 38 டிகிரிக்குப் பழகிய உடம்பு 21ஐக் குளிர் என்றுதான் சொல்லும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஈரமும், விடிகாலைப் பனியும், தொண்டைக் கட்டுக்குப் பயப்படும் பாடகர்களும் சேர்ந்துதான் சென்னையின் குளிர்காலம்.

ஐரோப்பாவில் இதே டிசம்பரில் தெருவோரக் கிறிஸ்துமஸ் சந்தைகளில் விற்பது சூடாக்கிய மசாலா ஒயின். ஜெர்மானியர் அதை க்ளூவைன் என்கிறார்கள், ஸ்வீடன்காரர்கள் க்ளோக் என்கிறார்கள். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை போட்டுக் கொதிக்க விடாமல் சூடாக்கி, வடிகட்டிக் கோப்பையில் கொடுப்பார்கள். சரக்குப் பட்டியலைப் படித்தால் பிரியாணிக்கு எழுதிய சீட்டு மாதிரி இருக்கும். அதில் வியப்பில்லை, அதில் பெரும்பகுதி இங்கிருந்தும் நமக்குக் கிழக்கே உள்ள தீவுகளிலிருந்தும் போனதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகப் பழையது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் பருகுவதைப் பற்றிப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. அதே யவனரின் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. மண்ணுக்கு அடியிலும் சான்று இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது, ஒயின் ஏற்றிவந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்திய ஜாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இங்கே வந்தது ஒயின், அங்கே போனது மிளகு. ரோமானியர் இரண்டையும் ஒன்றாகக் கலந்தார்கள். ஆபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் முதல் குறிப்பே தேனும் இடித்த மிளகும் குங்குமப்பூவும் சேர்த்த மசாலா ஒயின்தான். க்ளூவைனுக்கு அது கொள்ளுப் பாட்டி.

இடித்த மிளகு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள் பைப்பரீன். அதை 1819இல் முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட். அடுத்த ஆண்டே, மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டு உலகப் புகழ் பெற்ற அதே எர்ஸ்டெட்தான். பள்ளிப் பாடப் புத்தகம் காந்த ஊசியை மட்டும் சொல்லிவிட்டு மிளகை விட்டுவிடுகிறது. ரசம் சாப்பிடும் ஊரில் இது பெரிய அநியாயம்.

பைப்பரீன் தண்ணீரில் கரைய மறுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் அறை வெப்பத்தில் 40 மில்லிகிராமைத்தான் கரைக்கும். அதுவே ஒரு கிராம் பைப்பரீனைக் கரைக்க 15 மில்லி சுத்தமான சாராயம், அதாவது எத்தில் ஆல்கஹால், போதும். கணக்குப் போட்டால் தண்ணீரைவிட ஆல்கஹால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் கெட்டிக்காரன்.

இப்போது சுக்கு காபி டம்ளருக்கு வருவோம். டம்ளரில் 150 மில்லி. அதில் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், சுமார் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மிளகில் பைப்பரீன் நூற்றுக்கு நான்கைந்து பங்கு இருக்கும், ஆக ஏறக்குறைய 50 மில்லிகிராம். 150 மில்லி தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது 6 மில்லிகிராம். சூடாக இருக்கும்போது கொஞ்சம் கூடக் கரையும், ஆறினால் மறுபடி வெளியே தள்ளிவிடும். மீதி நாற்பது சொச்சம் மில்லிகிராம் எங்கே? தூளுக்குள்ளேயேதான், டம்ளரின் அடியில். குளத்தோரத்து அண்ணன் சொன்னது வேதியியல் பாடத்தின் ஒரு வரி.

எல்லா மசாலாவும் மிளகு மாதிரி முரண்டு பிடிப்பதில்லை. கிராம்பின் மணம் யூஜினால் என்ற பொருளிலிருந்து வருகிறது, அது லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் மேல் தண்ணீரில் கரையும். பட்டையின் சின்னமால்டிஹைடும், மல்லி விதையின் லினலூலும் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் கரையும். மூக்குக்கு இதில் நூறில் ஒரு பங்கே அதிகம். அதனால்தான் இரண்டு கிராம்பை முழுசாகப் போட்டாலே ஒரு பாத்திரம் மணக்கிறது. முழு மிளகு இருபது போட்டுக் கொதிக்க வைத்தாலும் நாக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை. மணப் பொருள்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு: ஆவியோடு ஓடிவிடும். அடுக்களை கமகமவென்று இருந்தால் நமக்குப் பெருமைதான், ஆனால் அந்த மணம் அத்தனையும் டம்ளரில் இல்லாத மணம்.

ஆக, மசாலாச் சூட்டுப் பானம் செய்கிறவருக்கு இரண்டு வேலை. ஓடுகிறதைப் பிடித்து வைக்க வேண்டும், கரையாததை எப்படியாவது வாய்வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒயின் முதல் வேலையை நன்றாகச் செய்யும். ஆல்கஹால் மணப் பொருள்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, கோப்பையிலிருந்து மெதுவாக விடுகிறது. இரண்டாவது வேலையில் அது ஊரார் நினைக்கிற அளவு வீரனில்லை. ஒயினில் ஆல்கஹால் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். சுத்தமான ஆல்கஹாலின் கரைக்கும் திறமை இந்தக் கலவையில் மிகச் சிறிய அளவுதான் மிஞ்சுகிறது. ரோமானியர் மிளகை இடித்துப் போட்டது அதனால்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஐரோப்பியர் பிற்காலத்தில் மிளகை மெல்ல விட்டுவிட்டு, மணத்தை மட்டும் தரும் பட்டையையும் கிராம்பையும் முழுசாகப் போட்டு வடிகட்டும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். நாம் வடிகட்டவில்லை. இடித்தோம், கலக்கினோம், மண்டியோடு குடித்தோம். கரையாவிட்டால் போகட்டும், மிதந்தால் போதும் என்பது நம் அடுக்களையின் தீர்மானம். ரசத்தில் துவரம்பருப்புத் தண்ணீர் அந்தத் தூளைத் தாங்கிப் பிடிக்கிறது, மேலே விடும் நெய்யில் பைப்பரீன் கரைகிறது. ரசத்தையும் கலக்கித்தான் ஊற்றுவார்கள். தெளிவு ரசம் வேண்டும் என்று கேட்கிறவர் காரம் வேண்டாம் என்று கேட்கிறவர்.

பாலும் இதே தந்திரம்தான். பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகளில் பைப்பரீனும் மஞ்சளின் குர்குமினும் கரைந்து பால் முழுக்கப் பரவும். சளி பிடித்தால் அம்மா மிளகையும் மஞ்சளையும் தண்ணீரில் போடாமல் பாலில் போட்டது இந்தக் கணக்கு தெரிந்துதான் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாமலே சரியாகச் செய்தார் என்பேன்.

* * *

சுக்கு தனிக் கதை. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை என்று ஒரு நாட்டு மருந்துக் கடை 1885இலிருந்து இருக்கிறது. சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடுக்கி வைத்ததால் வந்த பெயர். பிரசவ லேகியத்துக்கும் தீபாவளி மருந்துக்கும் மயிலாப்பூர் வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் போகும் இடம். அங்கே சுக்கு வாங்குகிற யாரும் அதைக் காய்ந்த இஞ்சி என்று நினைப்பதில்லை. அது வேறு சரக்கு என்றே நினைக்கிறார்கள். வேதியியலும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது.

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். இஞ்சியை வெயிலில் காய வைக்கும்போது ஜிஞ்சரால் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுகொள்கிறது. மிஞ்சுவது ஷோகால். இஞ்சிக்கு ஜப்பானியப் பெயரான ஷோகா என்பதிலிருந்து வைத்த பெயர் அது. ஜிஞ்சராலைவிட ஷோகாலுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் காரம். இஞ்சியைச் சமைத்தால் இன்னொரு வழியில் ஜிஞ்சரோன் உண்டாகிறது. அது சாந்தமானது, இனிப்பு கலந்த மணம் உடையது. இஞ்சி டீயின் காரம் நாக்கில் பளிச்சென்று வந்து போவதும், சுக்கு காபியின் காரம் தொண்டையில் உட்கார்ந்து பேசுவதும் ஒரே கிழங்கின் இரண்டு குரல்கள். இஞ்சி இல்லாதபோது சுக்கைப் போடுவதும் சுக்கு இல்லாதபோது இஞ்சியைப் போடுவதும் சமையலில் நடக்கலாம், கஷாயத்தில் நடக்காது.

சரி, காரம் ஏன் சூடாகத் தெரிகிறது? நாக்கிலும் தொண்டையிலும் இருக்கும் நரம்பு நுனிகளில் ஒரு கதவு உண்டு. ஏறக்குறைய 42, 43 டிகிரி வெப்பம் பட்டால் அது திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயின் காப்சைசின் எந்தச் சூடும் இல்லாமலே அதே கதவைத் திறக்கிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு காட்டியது. 2021இல் ஆர்டெம் படாபூட்டியனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பைப்பரீனும் ஜிஞ்சராலும் ஷோகாலும் அதே கதவைத் தட்டுகிறவைதான். சூடான சுக்கு காபி ஒரே கதவை வெளியிலிருந்து சூட்டாலும் காரத்தாலும் சேர்ந்து இடிக்கிறது.

ஆல்கஹால் செய்வது இன்னும் நூதனம். அது கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடுகிறது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஆல்கஹால் பட்டால் இந்தக் கதவு 42 டிகிரிக்குப் பதில் 34 டிகிரியிலேயே திறந்துகொள்கிறது. நம் உடம்பின் வெப்பமோ 37. அதாவது உடம்பின் சொந்தச் சூடே சுடுவதாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. தொண்டையில் சாராயம் எரிவதும், க்ளூவைன் குடித்தவருக்குக் கதகதப்பாக இருப்பதும் இதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு தோலில் நடக்கிறது. ஆல்கஹால் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடான ரத்தம் மேலே வரும், கன்னம் சிவக்கும். வெளியே பனி கொட்டினால் அந்தச் சூடு வீணாக வெளியேறும். உணர்வு சூடு, உடம்பின் உள்ளே நஷ்டம்.

சுக்கு காபியும் உடம்பைச் சூடாக்குவதில்லை என்றால் மாமாக்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கு இருக்கிறது. 60 டிகிரியில் இருக்கும் 150 மில்லி பானம் உடம்பின் 37க்கு ஆறும்போது சுமார் மூன்றரைக் கிலோ கலோரியைக் கொடுக்கும். 60 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி ஏற்ற ஐம்பது கிலோ கலோரி தேவை. ஆக ஒரு டம்ளர் சுக்கு காபி உங்களை 0.07 டிகிரி சூடாக்குகிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதில் போட்ட 15 கிராம் கருப்பட்டி தரும் சக்தி இதைப்போல் பதினைந்து மடங்கு. சூடு தருவது சுக்கு என்று பெயர் வாங்க, வேலை செய்வது கருப்பட்டி.

* * *

அடையாறில் ஒரு நண்பர் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அவர் மகள் ஜெர்மனியில் படித்துவிட்டு டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்தாள். கடையில் வாங்கிய ஒயின் ஒரு பாட்டில், பட்டை, கிராம்பு, கமலா ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு க்ளூவைன் செய்தாள். வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நண்பரின் மாமியார் எட்டிப் பார்த்து, "இது கொதிச்சுடுத்தோல்லியோ? அப்புறம் அதிலே என்ன இருக்கும்? எனக்கும் ஒரு வாய் கொடேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறிவியல் எழுதுகிறவனுக்கு வரும் தர்மசங்கடங்களில் இது ஒன்று.

ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கிறது, தண்ணீர் 100இல். ஆகவே சூடு பண்ணினால் ஆல்கஹால் முதலில் ஓடிவிடும் என்று தோன்றுவது நியாயமே. ஆனால் இரண்டும் கைகோத்துக்கொண்டிருக்கும் பொருள்கள். ஒன்றின் மூலக்கூறு மற்றதன் மூலக்கூறை ஹைட்ரஜன் பிணைப்பால் இழுத்துப் பிடித்திருக்கிறது, தனியாகப் போக விடாது. சமையலில் சேர்த்த ஆல்கஹால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அட்டவணை ஒன்று உண்டு. மெல்லிய கொதியில் 15 நிமிடம் வைத்தால் நூற்றுக்கு 40 பங்கு மிஞ்சும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் 35 பங்கு. ஒரு மணி நேரம் வைத்தாலும் 25 பங்கு இருக்கும். க்ளூவைனைக் கொதிக்கவே விடுவதில்லை, ஆவி வந்ததும் இறக்கிவிடுவார்கள். மாமிக்கு உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது. இதைக் குடித்துவிட்டு "சூடு பண்ணியதுதானே" என்று வண்டி ஓட்டக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

கடை பாட்டிலை விட்டுவிட்டு வீட்டிலேயே ஒயின் போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சாந்தோம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். டிசம்பர் தொடங்கும்போது பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போய் உட்காரும். கிறிஸ்துமஸ் அன்று பிளம் கேக்கோடு சின்னக் கோப்பையில் வரும். என் பால்ய நண்பன் வீட்டில் ஒரு வருடம் அந்த ஜாடியைப் பிள்ளைகள் நாங்கள் தினமும் திறந்து திறந்து மோந்து பார்த்தோம். கிறிஸ்துமஸ் அன்று வந்தது ஒயின் அல்ல, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர். ஈஸ்ட் காற்றில்லாமல் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். மூடியைத் திறந்து காற்றை விட்டால் அசிட்டோபாக்டர் பாக்டீரியா வந்து அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். சென்னையின் வெப்பத்தில் இரண்டுக்குமே கொண்டாட்டம். அந்த வீட்டு ஆன்ட்டி அடுத்த ஆண்டிலிருந்து ஜிஞ்சர் ஒயினுக்கு மாறிவிட்டார். இஞ்சியும் எலுமிச்சையும் காய்ச்சிய சர்க்கரையும் சேர்ந்த அதற்கு ஒயின் என்று பெயர் மட்டும்தான், புளிக்க வைப்பதே இல்லை.

அந்த மாற்றம் சட்டத்துக்கும் நல்லது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் அந்த அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தாலும் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் இன்றைக்கும் குற்றம், ஜாடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. எனவே புளிக்க வைக்கும் முறையை இங்கே எழுதப்போவதில்லை.

புளிக்காத திராட்சையே போதும் என்பது என் கட்சி. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சை வகைகளில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தி.நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி நிற்கும் தள்ளுவண்டிகளில், கறுப்பாக, கொட்டையோடு, தோல் தடித்துக் கிடக்குமே, அதுதான். கொட்டையில்லாத பச்சைத் திராட்சை வந்த பிறகு அதை ஏழைத் திராட்சை மாதிரி நடத்துகிறோம். தவறு. மஸ்கட் இனத் திராட்சைகளின் தனி மணத்துக்குக் காரணம் லினலூலும் ஜெரானியாலும். ஜெரானியால் ரோஜாவின் மணத்திலும் முக்கியப் பங்காளி. பன்னீர் என்று பெயர் வைத்த மூக்கு சரியாகத்தான் மோந்திருக்கிறது. லினலூலை ஏற்கெனவே சந்தித்தோம், மல்லி விதையின் மணம் அது. திராட்சையும் தனியாவும் ஒரே மணத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு செய்திக்காகவே சுக்கு காபிக்கும் மசாலா ஒயினுக்கும் நடுவில் ஒரு பானம் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

செய்து பார்த்து, மூன்று முறை கெடுத்து, நான்காம் முறை தேறியது இது. அரைக் கிலோ பன்னீர் திராட்சையைக் கழுவிக் கையால் பிசைந்துகொள்ளுங்கள். மிக்ஸி வேண்டாம். கொட்டை உடைந்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறும், என் முதல் தோல்வி அது. தோலோடு அடுப்பில் வைத்து, ஆவி வந்து விளிம்பில் சின்னக் குமிழ்கள் தட்டும் நிலையில் பத்து நிமிடம் வையுங்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது, சூடு பட்டால்தான் இறங்கும். ஓரங்குலப் பட்டை ஒன்று, கிராம்பு மூன்று அப்போதே போடலாம், மூடி அவசியம். வெள்ளைத் துணியில் வடிகட்டி, மறுபடி லேசாகச் சூடாக்கி, இறக்கும்போது வறுத்து ஒன்றிரண்டாக இடித்த ஒரு தேக்கரண்டி மல்லியையும், கால் தேக்கரண்டி மிளகையும், சிட்டிகை சுக்குத் தூளையும் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மல்லியை முதலிலேயே போட்டால் லினலூல் கூரைக்குப் போய்விடும், அது இரண்டாவது தோல்வி. மூன்றாவது, சர்க்கரை போட்டது. வேண்டவே வேண்டாம், திராட்சையிலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. எலுமிச்சை சில துளி பிழியுங்கள். ஊதா கலந்த சாறு கண் முன்னால் சிவப்பாக மாறும், ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் சிவக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு கரண்டிச் சாற்றைத் தனியே எடுத்து அதில் சமையல் சோடா போட்டுக் காட்டுங்கள், நீலப் பச்சையாகும். அதைக் குடிக்கச் சொல்ல வேண்டாம்.

பட்டை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சென்னைக் கடைகளில் பட்டை என்று தருவது பெரும்பாலும் தடித்த காசியாப் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு, நிறையச் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது குடிப்பவருக்குக் கவலையில்லை. தினமும் குடிக்கிறவர் மெல்லிய தாள் சுருட்டியது மாதிரி இருக்கும் இலங்கைப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பானத்தில் ஆல்கஹால் இல்லை, பாலும் இல்லை. மிளகின் காரத்தைக் கரைத்துத் தருவதற்கு ஆளே இல்லை. மல்லி வாயில் அகப்படுகிறதே என்று கடைசியில் இன்னொரு முறை துணியில் வடிகட்டினால், மிளகை நீங்கள் துணிக்குத்தான் கொடுக்கிறீர்கள், டம்ளருக்கு அல்ல. வடிகட்டாமல் ஊற்றுங்கள். வாய் வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் டம்ளரை ஆட்டிக்கொள்ளுங்கள்.